என் அம்மாவைப் பார்த்த ஒருவர்

என் அம்மா செத்துப்போன செய்தியை என் வீட்டுக்காரர் பதினெட்டு நாள் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார். தந்தி அவர் வேலை பார்க்கும் கந்தோருக்கு வந்திருக்கிறது. அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தினமும் வீட்டுக்கு வந்து, நான் போட்ட சோற்றைத் தின்று, "ரசம் நல்லாருக்கு" என்று வேறு சொல்லியிருக்கிறார். அங்கே பதினாறு எல்லாம் முடிந்திருக்கும் என்று நிச்சயமான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறைப் படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"அப்பவே சொன்னா நீ துடிப்ப. போகவும் முடியாது. ஒன் பர்மிட்டு கொழும்புல கெடக்கு. அது கையில இல்லாம கடலத் தாண்டினா திரும்பி வர விடமாட்டான். நான் என்ன செய்ய, நீயே சொல்லு புள்ள."

கையில் இருந்த தேங்காய்ச் சிரட்டையை அவர்மேல் எறிந்தேன். தோளில் பட்டுக் கீழே விழுந்தது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பேன். அப்படி உட்கார்ந்திருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. அவர் கண்டியிலேயே பிறந்தவர். நகரசபையில் கிளாக்கர். இந்திய வம்சம் என்பதால் எத்தனையோ மனுப் போட்டு, எத்தனையோ படி ஏறி இறங்கி இலங்கைப் பிரஜை ஆனவர். நான் இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சின்ன ஊரிலிருந்து கல்யாணமாகிக் கப்பலில் வந்தவள். கழுத்தில் தாலி இருந்தால் போதுமா? வருஷா வருஷம் பர்மிட் புத்தகத்தைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அது திரும்பி வரும்வரை நான் எங்கேயும் போகக்கூடாது, ஏன் இன்னும் வரவில்லை என்று யாரையும் கேட்கவும் கூடாது.

"பத்து நா தாண்டிக் கேட்ட சாவுக்குத் தலைக்கு ஊத்திக்கிட்டாப் போதுமாம். கோயில்ல கேட்டுட்டேன்" என்றார். அதையும் கேட்டு வைத்திருக்கிறார் மனுஷன். வீட்டுக்குப் பின்னால் பாறையிலிருந்து விழும் பீலியில் போய் நின்றேன். அம்பிட்டியவின் காலைத் தண்ணீர் ஐஸ். பல் கிட்டிக்கொண்டது. ஐந்து நிமிஷத்தில் குளித்து முடித்தேன். என்னைப் பெற்றவளின் சாவு எனக்கு அந்த ஐந்து நிமிஷம்தான் என்றாகிவிட்டது.

அழுகை வரவில்லை. எங்கள் ஊரில் சாவு வீட்டு அழுகை தனியாக அழுகிற காரியமில்லை. வருகிறவள் வாசலிலேயே குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். உள்ளே இருக்கிறவள் எழுந்து கட்டிக்கொள்வாள். தோளோடு தோள் போட்டு வட்டமாக உட்காருவார்கள். செத்தவள் தனக்கு என்ன செய்தாள், எந்தக் காய்ச்சலுக்கு எந்தக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், யாரோடு எதற்குச் சண்டை போட்டாள் என்று ஒவ்வொருத்தியும் சொல்லிச் சொல்லி அழுவாள். ஒருத்தி விட்டதை இன்னொருத்தி எடுப்பாள். அப்படி அழுது முடிக்கும்போது செத்தவள் முழுசாக நம் முன்னால் வந்துவிடுவாள். அதன் பிறகுதான் தூக்கிக்கொண்டு போகவே விடுவோம். அதற்குச் செத்தவளைப் பார்த்திருக்கிற ஒரு ஆளாவது பக்கத்தில் வேண்டும். கண்டியில் என் அம்மாவைப் பார்த்தவர் யார்?

வீட்டுக்காரரிடமே கேட்டேன். "எங்கம்மா மொகம் ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷர். ஒரு தந்தியை மறைக்கத் தெரியுமே தவிர இதெல்லாம் வராது. "சரியாப் பாக்கலயே புள்ள. அவுங்க கதவுக்கு அந்தப் பக்கந்தானே நிப்பாங்க" என்றார்.

உண்மைதான். எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் வந்து நிற்கமாட்டாள். கல்யாணம் முடிந்து மூன்று நாள் இவருக்குச் சோறு போட்டதெல்லாம் என் அண்ணன்தான். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லு, கூச்சப்படுறாக" என்று குரல் மட்டும் கொடுப்பாள். இவர் கண்டது ஒரு சுங்கடிச் சேலைத் தலைப்பு. அம்மா போட்டோவும் எடுத்துக்கொண்டதில்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று கல்யாணப் படத்தில்கூட நிற்க மாட்டேன் என்றுவிட்டாள். ஆயுசு மட்டும் கூடியதா என்ன?

வீட்டுச் சொந்தக்காரி ஒரு சிங்கள அம்மா. வீட்டின் முன்பாதியில் இருந்தாள். எனக்கு அவள் பேச்சு தெரியாது, அவளுக்கு என் பேச்சு தெரியாது. இரண்டு வருஷமாகச் சிரித்தே காலத்தை ஓட்டியிருந்தோம். என் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. மத்தியானம் சோறும் கறியும் சமைத்து மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கம்தான் சோறு கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நல்ல மனசு. மூடியைத் திறந்தால் கருவாட்டு வாசம். சாவுத் தீட்டில் கருவாடா! அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கண் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டினேன். அவள் போனதும் சோற்றை அப்படியே நாய்க்குப் போட்டேன். அதை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பும் போயிற்று.

மறுநாள் மஹய்யாவவிலிருந்து என் நாத்தனார் வந்தாள். வீட்டுக்காரருக்கு மூத்தவள். வாசலிலேயே குரலெடுத்துக்கொண்டு வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "என்னப் பெத்த மகராசி, என்னத் தவிக்கவிட்டுப் போனியே" என்று அவள் ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். தேயிலைக் கொழுந்து கிள்ளிய கதை வந்தது. தோட்டத்து லயத்துக் காம்பராவில் குடியிருந்தது வந்தது. கூடையோடு வழுக்கி விழுந்தது வந்தது. இதென்னடா, எங்கம்மா எப்போது கூடை தூக்கினாள் என்று பார்த்தால், அவள் அழுதது பத்து வருஷத்துக்கு முன்னால் செத்த தன் அம்மாவுக்கு.

அதில் தப்பொன்றும் இல்லை. எந்தச் சாவு வீட்டிலும் பாதிப் பேர் அழுவது அவரவர் சாவுக்குத்தான். எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஆனால் மீதிப் பாதிப் பேர் என்று ஒன்று இருக்கும். இங்கே அந்த மீதி நான் ஒருத்திதான். அவள் அழுது முடித்து மூக்கைச் சிந்தி, "சரி ஆத்தா, அழுது என்ன ஆகப்போகுது. ஒரு பிளேன்ரீ ஊத்து" என்றாள். நான் போய்த் தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது.

அன்றைக்குத்தான் அம்மாவின் பழைய கடிதம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதியது. "நம்ம தெரு தையக்காரர் மகன் கண்டிப் பக்கம் கெலிஓயாங்கிற ஊர்ல ஒரு பாய் கடையில தைக்கிறானாம். அவுங்க ஆத்தா சொல்லி அழுகுறா. அவனுக்கு அங்கிட்டு ஆரு இருக்கா. கூப்புட்டு ஒரு நேரம் சோறு போடு." அது வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போட்டுவிட்டேன். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

தையக்காரர் மகனை எனக்கு நன்றாகத் தெரியும். என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவர், ஊரைவிட்டுப் போயே ஏழெட்டு வருஷம் இருக்கும். சின்ன வயசில் அப்பா இறந்துபோய், எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் பாதி நாள் கிடப்பார். என் அம்மாவை அவர் ஆயிரம் தடவை பார்த்திருப்பார். அந்த நினைப்பு வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரைக் கட்டிக்கொண்டு அழ முடியாதுதான், ஆம்பிளை. எதிரே உட்கார்ந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும். "உங்கம்மா இப்படித்தான் சிரிக்கும்" என்று ஒரு மனுஷன் வாயால் கேட்டால் போதும். எனக்கு அழுகை வந்துவிடும்.

வீட்டுக்காரரிடம் சொல்லாமல் புறப்பட்டேன். அதுவரை தனியாகக் கண்டி மார்க்கட்டைத் தாண்டிப் போனதில்லை. கம்பளைப் பஸ்ஸில் ஏறி, கொண்டக்டரிடம் "கெலிஓயா" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வாயைத் திறந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் மூக்குத்தி, இந்தியச் சேலைக்கட்டு, இதற்கே பார்த்தார்கள்.

கெலிஓயாவில் இறங்கினதும் கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. மெயின் ரோட்டிலேயே ஒரு புடைவைக் கடை. அதன் முன் விறாந்தையில் தையல் மிசின். மிசினில் குனிந்திருந்த ஆளின் காதைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. சின்ன வயசிலிருந்தே அவருக்கு மேல்நுனி மடங்கின காது. எனக்கு அப்படியே நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. கிட்டப் போய் நின்று, எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவரிடம்கூட முதலில் எதைக் கேட்போமோ அதைக் கேட்டேன்.

"அண்ணே, நீங்க எந்த ஊரு?"

அவர் நிமிரவில்லை. "இங்கதான்."

"அதில்லண்ணே. சொந்த ஊரு?"

"கம்பளை."

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையின் வாங்குப் பலகையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். புடைவைக் கடைக்குள்ளே துணி பார்க்க வந்த ஆட்கள். அதையெல்லாம் நான் எங்கே கவனித்தேன்? நான் யாரென்று அவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, புரிய வைக்கிறேன் பார் என்று ஆரம்பித்தேன். பிள்ளையார் கோயில் தெரு, எங்கள் வீடு, எங்கள் அண்ணன், அவருடைய ஆத்தா எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆள் மாறிப் பேசுறீங்க. எனக்கு அப்படி ஒரு ஊரே தெரியாது" என்றார். கால் மிசினை மிதித்துக்கொண்டேயிருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பெற்றவளைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன், இவர் என்னைத் தெரியாது என்கிறாரே! "எங்கம்மா செத்துப்போச்சுண்ணே. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றேன். அப்போது மிசின் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் நின்றது. திரும்பவும் ஓடத் தொடங்கியது. அவர் தலை மட்டும் நிமிரவேயில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானாக இருந்திருந்தால் பரவாயில்லை.

"எங்கம்மா கையால தின்ன சோத்த மறந்துட்டீகளா? அந்தப் பிள்ளையார் மேல சத்தியமா என்னத் தெரியாதுன்னு சொல்லுங்க பாப்போம். எந்தத் தோணியில வந்தீக, எப்ப வந்தீகன்னு நான் கேட்டேனா? எங்கம்மாவத் தெரியுமான்னுதானே கேட்டேன்!"

வாங்கில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைக்குள்ளிருந்து முதலாளி வேகமாக வந்தார். தொப்பி போட்ட வயசான மனுஷர். "தங்கச்சி, இங்க சத்தம் போட வாணாம். ஆள் தெரியாமப் பேசுற நீங்க. போங்க, பஸ் வார" என்று என்னை ரோட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். கை மட்டும் கூப்பியிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கண்டி வருகிற வரைக்கும் அந்த ஆளைச் சபித்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பாதியிலேயே அவர் முகம் செத்துவிட்டது.

"அடிப்பாவி, என்ன வேல செஞ்சிட்டு வந்திருக்க! அந்த ஆளுக்குப் பேப்பர் இருந்தா ஏன் கம்பளன்னு சொல்றாரு? பேப்பர் இல்லாமக் கடல் தாண்டி வந்த கள்ளத்தோணின்னு ஒருத்தன் போட்டுக்குடுத்தாப் போதும், மறுநா ஜீப் வந்து நிக்கும். எந்த ஊருன்னு கேக்கறது ஒங்க ஊர்ல மரியாத. இங்க பொலிஸ்தான் அதக் கேப்பான்."

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு யாரு இதெல்லாம் சொன்னா?" என்று கத்தினேன். ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லத்தான் எல்லாருக்கும் தெரியும். எந்த ஊர், அதோடு எப்படி ஒத்துப்போவது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்த நியாயத்தைப் பேசிப் பேசி எனக்கே புளித்துப்போனது. பயம் மட்டும் போகவில்லை.

பத்து நாள் பொறுத்தேன். பதினோராவது நாள் சோறு பொங்கி, அம்மா வைக்கிற மாதிரியே கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்துத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு கெலிஓயாவுக்குப் போனேன். ஒன்றும் பேசக்கூடாது, துணி தைக்கக் கொடுக்க வந்தவள் மாதிரி நின்று, சட்டியை வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

மிசின் மேல் துணி போட்டு மூடியிருந்தது.

முதலாளி என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"நீங்க வந்து போன மூணாம் நாள் ஜீப் வந்த. கொண்டு போன. கொழும்புல வச்சிருக்காங்களாம். அங்கால கப்பல்ல இந்தியாவுக்குத்தான்."

"நாந்தானே காரணம்?" என்றேன்.

"யார் சொன்ன எண்டு எனக்குத் தெரியா. அண்டைக்கு நெறையப் பேர் கேட்டுக்கொண்டு இருந்த. நீங்க போனதும், எங்கயாலும் போய் இரிங்க எண்டு நான் அவருக்குச் சொன்ன. எங்க போற எண்டு கேட்ட. ஏழு வருஷம் இங்க தச்ச மனுசன். இந்தக் கடையத் தவிர அவருக்கு ஒரு இடமும் தெரியா."

நான் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மேலே சொன்னார்.

"உங்கட உம்மா மௌத்தானது அவருக்கு நீங்க சொல்லித்தான் தெரியும். அண்டைக்கு அவர் தின்னல்ல. உள்ளுக்குப் போய் அழுத. சின்னதுல உங்கட உம்மா சோறு கோப்பையில போட்டுக் குடுக்க மாட்டாவாம். உருண்டை புடிச்சி உள்ளங்கையில வச்சி, நடுவுல பெருவிரலால குழி செஞ்சி, அதுல கொழம்பு ஊத்திக் குடுப்பாவாம். கொழம்பு கசிஞ்சி முழங்கை வரைக்கும் ஓடுமாம். அத நக்கச் சொல்லிச் சிரிப்பாவாம். அதச் சொல்லிச் சொல்லித்தான் அழுத."

என் அம்மாதான். என் அம்மாவேதான். முழங்கையை நக்கச் சொல்லிச் சிரிக்கிறவள் உலகத்தில் வேறு யார்? இந்த நாட்டில் என் அம்மாவுக்காக ஒரு மனுஷன் அழுதிருக்கிறான். நான் எதைக் கேட்டுப் போனேனோ அது அந்தக் கடையின் உள்ளறையில் நடந்திருக்கிறது. நான் அப்போது கம்பளை ரோட்டில் பஸ்ஸில் உட்கார்ந்து அவரைச் சபித்துக்கொண்டு போனேன். முதலாளியின் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்போதும் அழுகை வரவில்லை. சோற்றை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பக் கொண்டுவந்தேன். யாருக்கும் அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

நாலு மாதம் கழித்து அண்ணன் கடிதம் போட்டான். "தையக்காரர் மகன் ஊருக்கு வந்துட்டான். புடிச்சு அனுப்பிட்டாங்களாம். உடம்பு பாதியாப் போச்சு. வந்த அன்னைக்கே நம்ம வீட்டுக்கு வந்து, அம்மா படுத்திருந்த எடத்துல உக்காந்து, பொம்பளயாட்டம் சத்தம் போட்டு அழுதான். தெருவே கூடிப்போச்சு. கண்டியில எங்க தங்கச்சியப் பாத்தியான்னு கேட்டேன். பாக்கவே இல்லன்னு சொல்லிட்டான். இப்ப நம்ம தெரு மொனையில, பிள்ளையார் கோயிலுக்கு எதுத்தாப்புல மிசின் போட்டிருக்கான்."

அந்த மாதமே கொழும்பிலிருந்து பர்மிட் வந்தது. வீட்டுக்காரர் கந்தோரில் லீவு சொல்லி, தலைமன்னார் ரயிலுக்கும் கப்பலுக்கும் டிக்கட் எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். "ஒரு மாசம் இருந்துட்டு வா. அண்ணனக் கட்டிப்புடிச்சு ஆச தீர அழுதுட்டு வா" என்றார். பதினெட்டு நாள் மறைத்ததற்கு அவர் செய்த பிராயச்சித்தம் அது. எனக்குப் புரிந்தது. டிக்கட்டை வாங்கி அலுமாரிக்குள் வைத்தேன். கப்பல் புறப்படுகிற நாளும் வந்தது, போனது.

அப்புறமும் எத்தனையோ தடவை கூப்பிட்டார்கள். அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் சாவுக்குத் தந்தி வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னேன். கோபம் என்று நினைத்தார்கள், கண்டிக்காரியாகி எங்களை மறந்துவிட்டாள் என்று பேசினார்கள். பேசட்டும். அந்தத் தெருமுனையைத் தாண்டாமல் எங்கள் வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது.